பிள்ளைக்காம்பரா திறந்த பிறகு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொப்பியையும் பேனையையும் வைத்துக் கும்பிடும்போது, இந்த முறையாவது எழுதி முடிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். விஜயதசமி முடிந்ததும் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுதினால் பிழை வரும் என்ற பயம் ஒன்று. மற்றக் காரணம் அதைவிடப் பெரியது. இதில் வருகிற ஒருவர், நான் கும்பிடுகிற அதே பிள்ளையார் கோயிலில் கும்பிட்டவர். வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் நின்று திருநீறு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது அவர் கண்டியை விட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நானும் வேலையை விட்டு வெகு காலமாகிறது.

போன ஆடி வெள்ளிக்குக் கோயில் மடப்பள்ளியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பிள்ளை டவுனில் ஒரு கந்தோரில், ஒபீஸ் வேலை செய்பவள். சட்டத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் ஒரே அளவு பிரசவ லீவு, கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கும் பால் கொடுக்க நேரம் உண்டு என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷந்தான். பிறகு சொன்னாள்: "பிள்ளைகள வச்சுப் பாத்துக்க ஒரு ரூம் வேணும்னு எல்லாரும் சேந்து எழுதிக் குடுத்திருக்கோம் ஆன்ட்டி. கெடைச்சிரும் போல இருக்கு."

கையில் இருந்த பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டேன். "கேளுங்கம்மா. ஆனா அத குடுத்துட்டு எத எடுப்பாங்கன்னும் முன்னுக்கே கேட்டு வச்சுக்கங்க" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்ல அந்த இடமும் சரியில்லை. அவளுக்காகத்தான் கொப்பியைத் திரும்ப எடுத்தேன்.

நான் வேலை செய்தது பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தையல் தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். கார்மண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சேர்ந்தபோது தைத்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. பிறகு மெஷினில் உட்கார வைத்தார்கள், கொலர் தைக்கப் பழகினேன், விரல் நகத்துக்குள் ஊசி இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. கலியாணம் கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன், அவர் ஹார்ட்வெயார் கடை வேலையோடு இருந்தார், நான் மெஷினோடு இருந்தேன். கடைசியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லைன் என்றால் வரிசையாகப் போட்ட மெஷின்கள். ஒருத்தி பொக்கட் வைப்பாள், அடுத்தவள் தோள் மூட்டுவாள், அடுத்தவள் கை பொருத்துவாள், கடைசி மெஷினில் முழுச் சட்டை விழும். நடுவில் ஒருத்தி எழும்பிப் போனால் அவளுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் தலையில் தொப்பி. பிள்ளை வயிற்றில் இருப்பவளுக்குப் பச்சைத் தொப்பி, பாரம் தூக்கச் சொல்லக்கூடாது. பிள்ளை பெற்றுவிட்டு வந்தவளின் தொப்பியில் மஞ்சள் நாடா தைத்திருக்கும். அந்த நாடா பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை. அதைப் பார்த்தால் கேட்டில் இருக்கிற காவற்காரர் ஒன்றும் கேட்காமல் வெளியே விடுவார்.

ஏன் விட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய்க்கு, வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்று சட்டம் இருந்தது. வேலைத்தளத்தில் பிள்ளைகளை வைத்துப் பார்க்க இடம் இருந்தால் தடவைக்கு அரை மணி. இடம் இல்லாவிட்டால் ஒரு மணி. எங்களிடம் இடம் இல்லை. அதனால் ஒரு மணி, இரண்டு தடவை. பிள்ளைகளோ வத்தேகமையிலும் பன்விலயிலும் கம்பளையிலும் கிடந்தன. ஒரு மணிக்குள் யார் போய் வருவது? ஆகவே முந்தின நிர்வாகத்தினர் இரண்டையும் சேர்த்து, மஞ்சள் நாடாக்காரிகளைப் பின்னேரம் மூன்று மணிக்கே வீட்டுக்கு விட்டார்கள். நானும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படிப் போய்ப் பால் கொடுத்தவள்தான். ரோட்டுக்கு வந்து நாங்கள் கையை நீட்டினால் அந்த நேரத்து பஸ்ஸின் கொண்டக்டர், "கிரி அம்மாமார் வாறாங்க, எடம் விடுங்க" என்று பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சத்தம் போடுவான். பால் அம்மாக்கள் என்று அர்த்தம். ஆம்பிளைகள் சிரித்துக்கொண்டே எழும்பி இடம் விடுவார்கள். வெட்கமாக இருக்கும், ஆனாலும் உட்கார்ந்துகொள்வோம்.

இப்படி இருக்க, பிள்ளைக்காம்பரா வேண்டும் என்று கேட்டதும் நாங்கள்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு அந்தப் பெயர். எங்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால் அதே பெயரைச் சொன்னோம். கேட்டதில் நியாயம் இருந்தது. என் லைனில் தோள் மூட்டுகிற சிங்களப் பிள்ளை குசுமாவுக்குத் தாயும் இல்லை, மாமியும் இல்லை, தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து இருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, பகல் முழுதும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் போல் இன்னும் சிலர். நாங்கள் போய்க் கேட்டோம். வருடக்கணக்காகக் கேட்டோம். கிடைத்தால் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று நான் நேர்ந்தும் வைத்தேன்.

யாரிடம் கேட்டோம் என்றால் மனோகரன் சாரிடம். ஆட்களைச் சேர்ப்பது, லீவு கொடுப்பது, நலன்புரி எல்லாம் அவர் பொறுப்பு. அவரைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு ஒரு நாளும் பேச மாட்டார். நூல் வெட்டுகிற பிள்ளை அவர் அறைக்குள் போனாலும் எழும்பி, கதிரையை இழுத்து விட்டு, "உக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். எங்கள் பிள்ளைகளின் பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். நெற்றியில் மெல்லிய திருநீறு, சுவரில் பிள்ளையாரும் புத்தரும் பக்கத்தில் பக்கத்தில். நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார், நடுவில் குறுக்கிட மாட்டார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை மெதுவாகப் படிப்பார். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் முடிந்ததும், "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது நமக்குப் புரியும்.

கடைசியில் பிள்ளைக்காம்பரா கிடைத்தது. சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, நாங்கள் தைத்து மிஞ்சின துணியில் திரை போட்டார்கள். மரத் தொட்டில்கள், ஒரு ஆயா. திறக்கிற அன்று புத்த பிக்கு, ஹாமதுரு வந்து பிரித் ஓதினார், எங்கள் ஐயர் கணபதி பூசை செய்தார். பால் பொங்கி வழிந்தபோது மனோகரன் சார் முதல் ஆளாகக் கையெடுத்துக் கும்பிட்டார். குசுமா பிள்ளையை முதல் தொட்டிலில் போட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அன்று பின்னேரமே போய்த் தேங்காய் உடைத்தேன், கை நோகும்வரை.

அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசர்மாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இனி இடம் இருக்கிறது, ஆகவே சட்டப்படி அரை மணி. காலையில் அரை மணி, பகலுக்குப் பிறகு அரை மணி. மூன்று மணிக்குப் போகிற பழக்கம் இன்றோடு நின்றது. காலையில் வந்த மஞ்சள் நாடாக்காரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியவள் நான். "நெசமாவா அக்கா?" என்று கேட்டார்கள். தொப்பியைச் சரி செய்துகொண்டு மெஷினுக்குப் போனார்கள். கேட்டது நாங்கள்தானே.

பக்கத்தில் இருந்த சிலருக்கு அந்த அறை உதவியது, அதை மறைக்க மாட்டேன். குசுமாவின் பிள்ளை அங்கேதான் நடை பழகினான். தூரத்தில் இருந்து வருகிறவர்கள் என்ன செய்வது? பிள்ளை இல்லாமல் அரை மணி. அந்த அரை மணியில் அவர்கள் முகம் கழுவுகிற இடத்துக்குப் போய், கட்டிக்கொண்ட பாலைப் பீச்சி விடுவார்கள். சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். கோயிலில் அபிஷேகப் பால் ஓடுகிற இடத்தில் கூட நாம் கால் வைப்பதில்லை, சுற்றித்தான் போகிறோம். இங்கே தாய்ப்பால் சவர்க்கார நுரையோடு கழிவுத் தண்ணீர்க் காணுக்குள் போவதை நான் தினமும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பிள்ளையாரிடம் கேட்டேன், இதற்காகவா அத்தனை தேங்காய் என்று.

இந்தச் சமயத்தில்தான் கலாவதி திரும்பி வந்தாள். பன்விலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து பறித்தவள், மகள் கூடை தூக்கக்கூடாது என்று கடன் பட்டுத் தையல் படிக்க வைத்து அனுப்பியவள். கை பொருத்துவதில் என் லைனில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வாய் அதைவிட வேகம். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு மகன், மாதம் ஆகும் முன்பே பிறந்து, கையளவாய் இருந்தான். அப்போது மூன்றாவது பிள்ளைக்குச் சட்டம் பாதி லீவுதான் கொடுத்தது. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வீட்டில் படுத்திருக்கிற நாட்களில் அவள் மெஷினுக்கு வந்துவிட்டாள்.

லைனில் ஒருத்தி, மூன்றாவதைப் பெற்றது உன் குற்றந்தானே என்று குத்தலாகச் சொன்னாள். கலா தையலை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "எம்மகனுக்கு வயிறு பாதிதான்னு கொழும்புல எழுதிட்டாங்கடி. அவனுக்குத்தான் இன்னும் சொல்லல."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பின்னேரம் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது, துவாயைப் போட்டு மறைத்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் அவள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். பகலெல்லாம் மாமியார் கரண்டியால் சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு நிறை ஏறவில்லை. தாய்ப்பால் கொடுக்காவிட்டால் பிள்ளை தேற மாட்டான் என்று தோட்டத்து மருத்துவமாது சொல்லிவிட்டார். வேலையை விடவும் ஏலாது. புருஷனுக்குக் கொத்து வேலை, அது இருந்தால் இருக்கும்.

நான் அவளை மனோகரன் சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கதிரை இழுத்து விட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மகனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார். கலா பழையபடி மூன்று மணிக்கு விடும்படி கேட்டாள்.

"அந்த அறைய ஒங்களுக்காகத்தானே தெறந்தோம் கலா."

"புள்ள பன்விலயில இருக்கான் சார்."

"கொண்டு வாங்க. ஆயா இருக்காங்க, தொட்டில் இருக்கு."

"கம்பெனி பஸ்ல புள்ளைய ஏத்த மாட்டேங்குறாங்க சார்."

"அது ட்ரான்ஸ்போர்ட் பகுதி. வேலை செய்றவங்களுக்கு மட்டுந்தான் காப்புறுதி. அதுல நான் கை வைக்க ஏலாதே."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்த அறை யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை எடுத்தார், விரலை வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "புள்ள அங்க இருக்கணும்னு சட்டத்துல இல்ல தங்கச்சி. இடம் இருக்கணும்னுதான் இருக்கு."

நாங்கள் எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். அந்த நேரத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்றால், லைனின் டார்கெட்டும் குறையாது என்றால், சூப்பர்வைசர் பொறுப்பில் யாராவது நேரத்தோடு போனால், தான் அதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்றார். வேறு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

கலா உடனே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளத்தை விட மனம் வராமல், முதலில் பிள்ளையைக் கொண்டுவந்து பார்த்தாள். விடியும் முன்னே பன்விலயில் பஸ் ஏறி, கண்டியில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக இன்னொரு பஸ் ஏறி வந்தாள். மலைப்பாதை வளைவில் பிள்ளை வாந்தி எடுத்தது. வேலை தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். அந்த வாரம் முடியும் முன் பிள்ளைக்குச் சளி கட்டி, நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், இந்தப் பிள்ளையைப் பஸ்ஸில் கொண்டு திரிய யார் சொன்னது என்று. "சட்டம் சொல்லிச்சுன்னு சொல்ல வந்திச்சு அக்கா, வாய மூடிக்கிட்டேன்" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த நேரத்துச் சம்பளத்தை விட்டுவிட கலா ஒத்துக்கொண்டாள், லைனில் எல்லோரும் கூடிப் பேசினோம். யோசனை முதலில் குசுமாவிடம் இருந்து வந்தது. "அக்கே, கலாட வேல நான் கொஞ்சம் செய்றது. நீங்க கொஞ்சம் செய்யுங்க. அவ போகட்டும்" என்றாள். தன் பிள்ளை பின்னால் அந்த அறையில் தூங்குவது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். காலையில் கலா இன்னும் வேகமாகத் தைத்து ஒரு கட்டு முன்கூட்டியே சேர்த்து வைப்பாள். மூன்று மணிக்கு அவள் எழும்பினதும், குசுமா தன் தோள் மூட்டோடு கையும் பொருத்துவாள். பொக்கட் வைக்கிறவள் தோள் மூட்டில் பாதியை எடுப்பாள். நூல் வெட்டுகிறவர்கள் பட்டன் பக்கம் போவார்கள். பின்னேரத் தேநீரை மெஷினிலேயே குடித்தோம். சிறுநீர் கழிக்கப் போகாமல் அடக்கினோம். நானும் மெஷினில் உட்கார்ந்தேன், சூப்பர்வைசர் உட்காரக்கூடாது என்பது விதி. கடைசி மெஷினில் சட்டை குறையாமல் விழுந்தது. ஒரு நாள் கூடக் குறையவில்லை.

பிள்ளைக்குக் கன்னம் வைக்கத் தொடங்கியது. கலா ஒரு திங்கட்கிழமை வந்து, மகன் மடியில் சிரித்ததைச் சொன்னாள். அந்த நாட்கள் என் வேலைக் காலத்திலேயே நல்ல நாட்கள். ஒருத்தியும் முகத்தைச் சுளிக்கவில்லை. குத்தலாகப் பேசினவளே கலாவின் கட்டை எடுத்துத் தைத்தாள். அம்மன் எங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு நேரம் அளக்கிற மிஸ் வந்தார். கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் நின்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதுவது அவர் வேலை. அடிக்கடி வருவார், நாங்கள் பொருட்படுத்துவதில்லை. இந்த முறை மூன்று மணிக்குப் பிறகு வந்து நின்றார். மறுநாளும் அதே நேரம் வந்தார். குசுமாவின் கையை ரசித்துப் பார்த்தார், "ஹரி லஸ்ஸனயி", நல்ல அழகு என்று பாராட்டினார். குசுமா வெட்கப்பட்டுச் சிரித்து, இன்னும் வேகமாகத் தைத்துக் காட்டினாள்.

மாதம் முடிய என்னைக் கூப்பிட்டார்கள். மனோகரன் சார் கதிரை இழுத்து விட்டார். எங்கள் லைன்தான் தொழிற்சாலையிலேயே முதல் இடம் என்றார். பின்னேரத்தில் ஒரு ஆள் குறைவாக இருந்தும் அதே சட்டை விழுகிறது என்று அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே முழு நாளும் ஒரு ஆள் குறைவாகவே நடத்தலாம். கை பொருத்துகிற தனி மெஷின் இனித் தேவையில்லை, அது புது லைனுக்குப் போகிறது. கலாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், பிள்ளை பெற்றவளை நிறுத்துவது சட்டத்துக்கு விரோதம். துணி கழுவுகிற பகுதியில் அவளுக்கு இடம் இருக்கிறது. அங்கே வேலை இரண்டு முறை, இரண்டு ஷிஃப்ட். பின்னேரம் தொடங்கி நடுச்சாமத்துக்கு முடிகிற முறையில்தான் இடம்.

"நாங்க மூச்சுப் பிடிச்சு செஞ்சது சார். அவ புள்ளைக்காக. அத அளந்து எடுத்துக்கிட்டீங்களே" என்றேன்.

"நீங்க நல்ல மனசோட செஞ்சீங்க. அத நான் மேலிடத்துக்கும் சொல்லியிருக்கேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கலாவிடம் நான் சொன்னபோது அவள் நூல் முனையைக் கடித்துத் துப்பினாள். "ஒங்க எல்லாருக்கும் ரொம்ப நல்லா தைக்க வருது அக்கா. அதான் பிழை" என்றாள். குசுமா மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள். கலாதான் போய் அவள் முதுகைத் தடவினாள்.

நடுச்சாமத்தில் வீடு போய்ச் சேர வழி இல்லாமல், வார முடிவில் கலா வேலையை விட்டாள். நலன்புரிச் சங்கத்தின் சார்பில் சாப்பாட்டு மண்டபத்தில் சிறிய பிரியாவிடை. மனோகரன் சார் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசி, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பொதியைக் கொடுத்தார். குழந்தைப் பால்மா டின். அவள் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சார் என்று சொல்லி, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இப்போது அவள் பன்விலயில் கொழுந்து பறிக்கிறாள். கைக்காசுக்குப் பறிக்கிறவள், தோட்டத்துப் பதிவில் நிரந்தரப் பெயர் இல்லை. மகன் உயிரோடு இருக்கிறான், வளர்ந்தும் மெலிந்தவன்தான். மகள் கூடை தூக்கிவிட்டாள் என்ற வருத்தத்தில் கலாவின் தாய் இறக்கும்போது அவளோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் லைன் அதன் பிறகு என்றைக்கும் ஒரு ஆள் குறைவாகவே ஓடியது. நான் பென்ஷன் வயதுக்கு முன்பே விலகினேன். சட்டத்தை மாற்றினது நல்லது. மாற்றினவர்களை ஆண்டவன் நன்றாக வைக்கட்டும். ஆனால் கலாவுக்கு அது இருபது வருடம் பிந்தி வந்தது. மற்றச் சட்டம், இடம் இருந்தால் அரை மணி என்பது, எனக்குத் தெரிந்தவரை அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், முக்கியமாகப் பிள்ளைக்காம்பரா கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மனோகரன் சாரைச் சத்தம் போடுகிறவராக மாற்ற வேண்டாம், அவர் சத்தம் போடவில்லை. குசுமாவை விட்டுவிட வேண்டாம். கலா அந்த டின்னை அவர் மேசையில் எறிந்துவிட்டுத் தலை நிமிர்ந்து போனாள் என்று பிறகு தொழிற்சாலையில் கதை கட்டினார்கள். கேட்கிறவர்களுக்கு அது மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது, அதனால் அது பரவிவிட்டது. அவள் எறியவில்லை. பிள்ளைக்குப் பால் வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டாள்.